கைமாற்று

நான்காண்டுச் சம்பளம், பல் மருத்துவம் சேர்த்து.
ஓர் இயந்திரக் கை. அதன் விரல் நுனிகளில்
அறுபத்து நான்கு அழுத்த உணரிகள்.
ஃபின்னிஷ் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பாதகமில்லை.
ஆய்வுக் கேள்வி ஒன்றே ஒன்று:
கொடுக்கிற கை எப்போது விட வேண்டும்?

நேர்காணலில் பேராசிரியர் ரவுத்தியோ கேட்டார்,
எதையாவது போட்டு உடைத்திருக்கிறீர்களா என்று.
துர்க்குவிலிருந்து கிளம்பும் கப்பலில்
இரண்டு கோடை காபி பரிமாறியவள் நான்.
"நாற்பது கோப்பை," என்றேன். "கணக்கில் வந்தவை."
இடம் கிடைத்தது.

தாம்பெரேயில் ஜனவரி.
டிராம் ஏறும்போதும் இருட்டு, வீடு திரும்பும்போதும் இருட்டு.
ஆய்வுக்கூடத்தில் மட்டும் குழல்விளக்குப் பகல்.
கை கோப்பையை நீட்டும். வந்தவர் வாங்குவார்.
அவ்வளவுதான் பரிசோதனை.
கொஞ்சம் முந்தி விட்டால் தரையெல்லாம் தண்ணீர்.
கொஞ்சம் பிந்தினால்
வாங்க வந்தவர் முகத்தில் ஒரு சின்ன அவமானம்,
கடன் கேட்டுவிட்டு நிற்பவர்போல.

யாரும் இதை யோசிப்பதில்லை.
உப்பைத் தா என்கிறோம், சாவியைப் பிடி என்கிறோம்;
எடை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குச்
சத்தமில்லாமல் குடிபோகிறது.
சீட்டில்லை, சாட்சியில்லை.
திரையில் அது இரண்டு கோடு:
ஒன்று இறங்க, ஒன்று ஏற, நடுவே ஒரு பெருக்கல் குறி.
அந்தக் குறியின் அகலம் அரை நொடிகூட இல்லை.
என் நான்காண்டும் அதற்குள்தான்.

தபால்காரி ஒருத்தி வெடுக்கென்று பிடுங்கினாள்.
பியானோவுக்குச் சுருதி கூட்டுபவர் தொட்டதே தெரியவில்லை,
கோப்பை போயிருந்தது.
ஒரு பையன் இயந்திரத்திடம் நன்றி சொல்லிவிட்டு
என்னைப் பார்த்து முகம் சிவந்தான்.

பிறகு, பங்கேற்பாளர் முப்பத்தொன்று.
தொழில்: பனி தள்ளும் வண்டி ஓட்டுதல்.
கோட்டைக் கழற்றவில்லை.
வந்தார், கோப்பையைப் பிடித்தார்.
இழுக்கவில்லை. தள்ளவுமில்லை.
பாதி எடை அவரிடம், பாதி எடை அதனிடம்.
கோடுகள் இரண்டும் ஒரே உயரத்தில்
ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின.
மூன்று நொடி. ஐந்து.
விடு என்பதா பிடி என்பதா என்று
நான் எழுதிய நிரல் திகைத்து நின்றது.
நிறுத்தும் பொத்தான்மேல் என் விரல் இருந்தது.
அழுத்தவில்லை.
பதினோராம் நொடியில் அவரே கையெடுத்தார்.
கோப்பை இயந்திரத்திடமே இருந்தது.

குறைகள் ஏதும் உண்டா என்ற கட்டத்தில்
கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்:
இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

கோப்பையில் இருந்தது குழாய்த் தண்ணீர்.
காலையிலிருந்து ஓடிய மோட்டார்தான்
விரல்வரை சூடேறியிருக்க வேண்டும்.
அழுத்தத்துக்கு அறுபத்து நான்கு வாங்கியிருந்தோம்,
வெப்பத்துக்கு ஒன்றுகூட இல்லை.
எல்லோரும் போனபின் கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.

"விதிவிலக்கு. நீக்கிவிடுங்கள், பிஹ்லா," என்றார் ரவுத்தியோ.
தப்பில்லை, முப்பத்தொன்று தண்ணீர் குடிக்க வந்தவரே இல்லை.
கட்டுரை அவர் இல்லாமல் வெளிவந்தது, வரைபடங்கள் அழகாக.
கை இப்போது நேரத்துக்கு விடுகிறது.

இந்த வாரம், அடுத்து வரும் ஆய்வாளருக்கான
அறிவிப்பை என்னையே எழுதச் சொன்னார்கள்.
சம்பளம் எழுதினேன். பல் மருத்துவம் எழுதினேன்.
உணரிகளில் வெப்பத்தையும் சேர்த்தேன், நிதி வரட்டும் பார்க்கலாம்.
கேள்விக்கு வந்ததும் ஓடவில்லை.
சன்னலுக்கு வெளியே மஞ்சள் விளக்குச் சுழல
ஒரு பனி வண்டி
ஹெர்வந்தா சாலையின் இரவை ஓரத்துக்குத் தள்ளிப் போகிறது.
ஓட்டுபவர் யாரோ.
எங்கள் படிவத்தில் பெயர் கேட்பதில்லை.

பழைய வரியை அழித்துவிட்டு எழுதுகிறேன்:
வாங்க வராதவர்
பிடித்துக்கொண்டு மட்டும் நின்றால்

விண்ணப்பிக்கக் கடைசி நாள் பிப்ரவரி இருபது.